ஏட்டு எண்ணா, கண்ட எண்ணா?

கோவிலில் நடப்பது சடங்கு. ஆய்வுக்கூடத்தில் நடப்பது சோதனை. நெடுநாளாய் நாம் நம்பியிருப்பது இதுதான். மணியடித்து மந்திரம் ஓதும் இடத்தில் கேள்விக்கு இடமில்லை; குடுவையும் குழாயும் சுடரும் உள்ள இடத்தில் கேள்வியன்றி வேறெதற்கும் இடமில்லை என்று மேடையேறி முழங்கியும் வந்திருக்கிறோம். அந்த முழக்கத்தை இன்று சற்றே நிறுத்திவைத்து, ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்போம். பார்க்கப் போவது பெரிய ஆராய்ச்சி எதுவும் அன்று. வேதியியல் பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே செய்துவிடுகிற மிக எளிய சோதனை: ஒரு பொருளின் உருகுநிலையைக் காண்பது.

இலக்கிய ஏட்டில் உருகுநிலைக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். காவியங்களைத் திறனாய்ந்தோம், புராணங்களைப் பிரித்துப் போட்டோம், தலபுராணங்களின் புளுகுகளை வரிவரியாய் எண்ணிக் காட்டினோம். ஆனால் ஆண்டுதோறும் எண்ணற்ற பக்கங்களாய் எழுதப்பட்டு, ஒருவராலும் திறனாயப்படாமலே பரணுக்குப் போகிற எழுத்து ஒன்று உண்டு. அதுதான் செய்முறைப் பதிவேடு. மாணவர் வாய்ச்சொல்லில் ரெக்கார்டு நோட்டு. நாளைய அறிவியலாரின் முதல் இலக்கியம் அது. அதன் ஒரு பக்கத்தை இன்று திறனாய்வோம்.

முதலில் சோதனையைச் சொல்லிவிடுவோம். ஒரு மில்லிமீட்டர் அளவே அகலமுள்ள மெல்லிய கண்ணாடிக் குழாய். ஒரு முனை மூடியது. நன்கு உலர்த்தி மாவாய்ப் பொடித்த பொருளை அதனுள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குத் தட்டித் தட்டி இறக்க வேண்டும். அக்குழாயை வெப்பமானியின் குமிழோடு ஒட்ட வைத்து, திரவப் பாரஃபினில் அமிழ்த்திச் சூடேற்ற வேண்டும். செருமானிய வேதியியலார் யோகானஸ் தீலே 1907-இல் அமைத்துக் காட்டிய வளைகைக் குழாய் இன்றும் பல கூடங்களில் இதற்குத் துணை நிற்கிறது. வளைந்த கையில் சுடர் பட்டால் உள்ளிருக்கும் திரவம் தானே சுழன்று சூட்டைப் பரப்பும். உருகும் வேளை நெருங்குகையில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏறவிடலாகாது. பொடி சுருங்கும், முதல் துளி மின்னும், அந்த அளவைக் குறிக்க வேண்டும். கடைசிப் படிகமும் கரைந்து தெளியும். அந்த அளவையும் குறிக்க வேண்டும். ஆக, இந்தச் சோதனையின் விடை ஓர் எண் அன்று, இரண்டு எண்கள்.

அந்த இரண்டு எண்களின் இடைவெளியில்தான் பொருளின் நேர்மை இருக்கிறது. தூய பொருளாயின் ஒரு டிகிரி அளவுக்குள் உருகி முடிந்துவிடும். மாசு கலந்ததாயின் பெரும்பாலும் முன்னதாகவே உருகத் தொடங்கும். முடிவதற்கும் பல டிகிரி பிடிக்கும். காரணம் எளிது. படிகம் என்பது ஒரே வகை மூலக்கூறுகள் ஒழுங்காய் அடுக்கிக் கட்டிய கட்டடம். அயல் மூலக்கூறுக்குப் பெரும்பாலும் அதில் இடம் இல்லை. உருகிய நீர்மத்திலோ அதற்குத் தாராளமாக இடம் உண்டு. உருகும் வேளையில் படிகத்தை விட்டுப் பிரிவதும், நீர்மத்திலிருந்து மீண்டும் படிகத்தில் போய் ஒட்டுவதும் ஒருங்கே நடக்கின்றன. நீர்மத்தில் அயலார் கலந்துவிட்டால் மீண்டு ஒட்டுவோர் தொகை குறைகிறது. பிரிவோர் கை ஓங்குகிறது. எனவே குறைந்த சூட்டிலேயே உருகல் வென்றுவிடுகிறது.

இது ஏட்டுக் கல்விக்கு மட்டுமே உரிய செய்தி அன்று. ஈயம் 327 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 232-இல் உருகும். இரண்டையும் தக்க அளவில் கலந்தால் 183-லேயே உருகிவிடும். அதனால்தான் அந்தக் கலவை பற்றவைக்கப் பயன்பட்டது. பொன் 1064 டிகிரியில் உருகும். நகையின் இரு முனைகளை இணைக்கப் பொற்கொல்லர் வைக்கும் பற்றுப்பொடி அதற்குக் கீழேயே உருகும். பொடி வைத்து ஊதுதல் என்று நம் மக்கள் வழக்கில் ஒரு தொடர் வழங்குகிறதே, அதற்குள் வேதியியல் ஒளிந்திருக்கிறது. பொடி எப்போது இளகும், பொன் எப்போது கெடும் என்பதை அந்தத் தொழிலாளி ஏட்டைப் பார்த்து அறியவில்லை. சுடரின் நிறத்தையும் உலோகத்தின் பளபளப்பையும் கண்ணால் கண்டு அறிந்தான்.

இனி, பதிவேட்டுக்கு வருவோம். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, அட்டவணை, முடிவு என ஐந்து தலைப்புகள். நடை எப்படி? ‘பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது.’ ‘சூடேற்றப்பட்டது.’ ‘உருகுநிலை குறித்துக்கொள்ளப்பட்டது.’ எடுத்தவர் யார்? சூடேற்றியவர் யார்? கண்டவர் யார்? செயல் இருக்கிறது; செய்தவன் இல்லை! புராணத்திலாவது ‘நான் கண்டேன்’ என்று சொல்ல ஒரு முனிவர் இருப்பார். அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது. இங்கே கூண்டில் ஏற்ற ஆளே இல்லை.

அட்டவணையைப் பாருங்கள். பென்சாயிக் அமிலம், 122 டிகிரி. பக்கத்து மாணவர் பதிவேட்டிலும் 122. அதற்கடுத்தவர் பதிவேட்டிலும் 122. சுடர் வேறு, வெப்பமானி வேறு, பொடித்த கை வேறு, பார்த்த கண் வேறு. விடை மட்டும் ஒன்று! தொடக்கம் எது, முடிவு எது என்ற இரண்டு எண்களைக் காணோம். ஒற்றை எண்தான் ஒய்யாரமாய் வீற்றிருக்கிறது. இந்த வியத்தகு ஒற்றுமையைத் தந்தது இயற்கையா? இல்லை; பாடப்புத்தகத்தின் பின்பக்கத்து அட்டவணை.

எல்லாக் கூடங்களும் இப்படித்தான் என்று நாம் பழிதூற்றவில்லை. கண்டதை எழுது என்று கண்டிப்பாய் நின்ற ஆசிரியரையும் நாம் அறிவோம். ஆனால் அந்தப் பழைய வரிசையில் நாமும் நின்றவர்தாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கோ ஒரு கூடத்தில், ஒரு பிற்பகலில், 117-இல் தொடங்கி 120-இல் முடிந்ததைக் கண்ணாரக் கண்டோம்; பென்சிலால் எழுதினோம்; பிறகு அழிப்பான் கொண்டு துடைத்துவிட்டு 122 என்று மையால் எழுதினோம். நல்ல மதிப்பெண் கிடைத்தது. கண்டதை அழித்துக் காணாததை எழுதினால் பரிசு உண்டு என்ற பாடமும் அன்றே கிடைத்தது.

அந்த 117, 120 என்ற எண்கள் என்ன குற்றம் செய்தன? அவை பேசிக்கொண்டிருந்தன! ‘என்னை நீ முழுதும் உலர்த்தவில்லை’ என்று பொருள் பேசியிருக்கலாம். ‘சுடரைக் கூட்டிவிட்டாய், என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை’ என்று வெப்பமானி பேசியிருக்கலாம். ‘என் கோடுகளே இரண்டு டிகிரி பிசகியவை’ என்றும் அது பேசியிருக்கலாம். மூன்று கேள்விகள், மூன்று சோதனைகள், ஒரு மாணவன் அறிவியலாராக வளர மூன்று படிகள். அத்தனையையும் ஓர் அழிப்பான் துடைத்தது. பிழையைத் திருத்தவில்லை நாம். பிழை இருந்ததற்கான சான்றை அழித்தோம்.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்பார்க்கு ஒன்று சொல்வோம். கடையில் அந்துருண்டை என்று கேட்டால் ஒரு வெள்ளை உருண்டை கிடைக்கும். அது நாஃப்தலீனாக இருக்கலாம். 80 டிகிரியில் உருகும். பாரா டைகுளோரோ பென்சீனாகவும் இருக்கலாம்; 53 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டும் வெண்மை, இரண்டுக்கும் நெடி, இரண்டுக்கும் அதே பெயர். ஒரு மாணவன் கடை உருண்டையைப் பொடித்துச் சோதிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 53-இல் உருகுகிறது. அந்துருண்டை என்றால் நாஃப்தலீன், நாஃப்தலீன் என்றால் 80 என்கிறது அவன் மனத்தில் உள்ள ஏடு. ஏட்டை நம்பி 80 என்று எழுதினால் நல்ல பிள்ளை. கண்ணை நம்பி 53 என்று எழுதினால், தன் கையில் இருப்பது வேறொரு பொருள் என்று கண்டுபிடித்தவன்! மாத்திரையிலும் உணவிலும் கலப்படம் காண வேண்டியவர்கள் நாளை இவர்கள்தாமே? ‘இருக்க வேண்டியதை’ எழுதப் பழகிய கை, ‘இருப்பதை’ எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

உருகுநிலையைப் பொருளின் தூய்மைக்கு உரைகல்லாக்கிய பெருமகனார் ஒருவரின் வரலாறு இங்கே நமக்கு வேண்டும். பிரெஞ்சு நாட்டு மிசேல் செவ்ரூல், 1786-இல் பிறந்தவர். 102 ஆண்டு வாழ்ந்து 1889-இல் மறைந்தவர். விலங்குக் கொழுப்பு என்றால் ஏதோ ஒரு பிசுக்கு என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், அதனுள் பல அமிலங்கள் உள்ளன என்று பிரித்துக் காட்டினார். பிரித்தது தூயதுதானா என்று எப்படி அறிவது? கரைத்துப் படிகமாக்கு, உருகுநிலையைப் பார். மீண்டும் கரை, மீண்டும் படிகமாக்கு, மீண்டும் பார். உருகுநிலை ஏறிக்கொண்டே போனால் இன்னும் மாசு இருக்கிறது. மாறாமல் நின்றுவிட்டால் தூய்மை வந்துவிட்டது. இந்த முறையில் உழைத்துக் கொழுப்புகளைப் பற்றிய தம் பெருநூலை 1823-இல் வெளியிட்டார். 70 டிகிரியை ஒட்டி உருகும் ஸ்டியரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்ததால், நாறிப் புகைந்த கொழுப்புத் திரியின் இடத்தில் உறுதியான மெழுகுவர்த்தி வந்தது. எளியவன் வீட்டுக்கும் அந்த வெளிச்சம் போயிற்று.

அந்த மனிதரின் மற்றொரு முகத்தை நம் இளைஞர் அவசியம் அறிய வேண்டும். நூலில் ஒரு வளையத்தைக் கட்டித் தொங்கவிட்டால், கீழே உள்ள பொருளுக்கு ஏற்ப அது தானே ஆடும் என்று ஒரு நம்பிக்கை அந்நாளில் படித்தோரிடையேயும் பரவியிருந்தது. செவ்ரூல் எள்ளி நகையாடவில்லை. தாமே நூலைப் பிடித்தார். பாதரசத்தின் மேல் பிடித்தார், ஆடியது! இடையே கண்ணாடித் தகட்டை வைத்தார், ஆட்டம் அடங்கியது! வேறொருவராயின் அன்றே ‘கண்டேன் மறைசக்தியை’ என்று கடை விரித்திருப்பார். செவ்ரூலோ தம்மையே ஐயுற்றார். கைக்கு முட்டுக் கொடுத்தார். முட்டு விரலை நெருங்க நெருங்க ஆட்டம் குறைந்தது, விரலுக்கே முட்டுக் கொடுத்தபோது நின்றது. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டார்; தகடு இருக்கிறதா இல்லையா என்று தமக்குத் தெரியாதவாறு செய்தார். தகட்டுக்கும் ஆட்டத்துக்கும் இருந்த உறவு அற்றுப்போயிற்று! ஆட்டியது பாதரசமும் அன்று, ஆவியும் அன்று. ஆடும் என்று எதிர்பார்த்த மனம், அறியாமலே விரலை அசைத்தது. 1833-இல் இதை அறிஞர் ஆம்பியருக்குக் கடிதமாய் எழுதினார். பாரிசில் மேசை சுழலும், ஆவி பேசும் என்று கூத்து நடந்தபோது, 1854-இல் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

நம் ஊர்களில் உள்ளங்கையில் தேங்காயை வைத்தும் கவைக்குச்சியைப் பிடித்தும் நீரோட்டம் பார்க்கிறார்களே, அவர்களுக்கும் செவ்ரூல் விடை கூறிவிட்டார். கண்ணைக் கட்டி, இடம் தெரியாமல் நடத்திப் பாருங்கள். தேங்காய் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். இதை நாம் சொன்னால் தோழர்கள் கைதட்டுவார்கள். ஆனால் கைதட்டிய கையோடு சற்றே எண்ணிப் பாருங்கள். 122 என்ற எண்ணை மனத்தில் ஏந்திக்கொண்டு வெப்பமானியைப் பார்க்கிற மாணவனும், இங்கே நீர் உண்டு என்ற எண்ணத்தோடு தேங்காயை ஏந்துகிறவரும் ஒரே நோய்க்கு ஆளானவர்கள் அல்லரா? அங்கே எதிர்பார்ப்பு விரலை அசைக்கிறது. இங்கே எதிர்பார்ப்பு கண்ணை இழுக்கிறது. 119-இல் மின்னிய முதல் துளியைக் ‘கண்ணாடியின் பளபளப்பு’ என்று தள்ளச் சொல்கிறது. 122-இல்தான் ‘உண்மையாய்’ உருகியது என்று உறுதி கூறச் செய்கிறது. வேண்டுமென்றே பொய்யெழுதுகிறவனை எளிதில் பிடித்துவிடலாம். தன்னையறியாமல் ஏட்டுக்கு இசைந்து காண்கிறவனைப் பிடிப்பது அரிது. ஏனெனில் அவனுக்கே அது தெரியாது. ஆய்வுக்கூடத்தில் நுழைந்துவிட்ட மூடநம்பிக்கை என்று நாம் கூறுவது இதைத்தான்.

ஏட்டோடு ஒத்துவராத எண்ணை அழிக்காமல் எழுதிவைத்தால் என்ன விளையும்? அதற்கும் வரலாறு உண்டு. 1896-இல் எமில் ஃபிஷர் என்னும் செருமானியப் பேரறிஞர் அசிட்டால்டிகைடு ஃபினைல்ஹைட்ரசோன் என்ற பொருளைப் பற்றி எழுதினார். அதை ஒரு முறை செய்தால் 60 டிகிரிக்கு அண்மையில் உருகுகிறது. மற்றொரு முறை செய்தால் 100 டிகிரிக்கு அண்மையில் உருகுகிறது. மாசு என்று ஒதுக்கியிருக்கலாம். ஏதேனும் ஒன்றை மெய் என்றும் மற்றதைப் பிழை என்றும் தீர்ப்பளித்திருக்கலாம். ஆனால் கண்ட இரண்டும் ஏட்டில் ஏறின. தலைமுறைகள் மாறின, புதிர் மாறவில்லை. 2019-இல்தான் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் முடிச்சை அவிழ்த்தனர். படிகம் இரண்டிலும் ஒன்றேதான். வேறுபாடு உருகிய நீர்மத்தில் இருந்தது! அமிலத்தின் சிறு சுவடு கலந்திருந்தால், உருகிய கணமே மூலக்கூறுகளில் ஒரு பகுதி வேறு வடிவுக்குத் திரும்பி நீர்மத்தைக் கலவையாக்கிவிடுகிறது, உருகுநிலை தாழ்கிறது. காரத்தின் சுவடு இருந்தால் அந்தத் திரிபு நிகழ்வதில்லை. உருகுநிலை உயர்ந்தே நிற்கிறது. உருகுநிலை என்பது திண்மத்தின் குணம் மட்டும் அன்று. அது எந்த நீர்மமாகிறது என்பதையும் பொறுத்தது என்னும் உண்மை விளங்கிற்று. ஒவ்வாத எண்ணை அன்றே அழிப்பான் தின்றிருந்தால், இந்தப் புதிரும் இல்லை, விடையும் இல்லை.

அப்படியானால் ஏட்டைக் கொளுத்திவிடலாமா? இல்லை. வேத ஏட்டுக்கும் வேதியியல் ஏட்டுக்கும் வேறுபாடு அறியாதவர் அல்லர் நாம். 122 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. எத்தனையோ பேர் தூய்மைப்படுத்தி, உருக்கி, கண்டு, கண்டதைக் கண்டவாறே எழுதியதால் வந்தது. அந்த எண்ணை வைத்து நம் வெப்பமானியின் பிசகைக் கண்டு திருத்தலாம். அது ஏட்டின் முறையான தொண்டு. சோதனை முடிந்த பிறகு இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம், அதுவும் முறையே. சோதனைக்கு முன்பே ஏட்டைத் திறந்து, அதன் எண்ணைக் காப்பியடிப்பதுதான் முறைகேடு. அது ஏட்டுக்குச் செய்யும் மரியாதையும் அன்று. அந்த எண்ணை உழைத்துத் தந்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

குறை சொல்லி ஒதுங்குவது நம் வழக்கம் அன்று, மாற்றும் கூறுவோம். மாணவரிடம் பொருளைப் பெயரோடு தர வேண்டா; எண் ஒட்டிய சிமிழில் தருக. பெயர் தெரியாதவரை ஏட்டுக்கு வாய் இல்லை. செவ்ரூல் கட்டிய கண்கட்டு இதுவே. முதல் துளியின் அளவையும் கடைசிப் படிகத்தின் அளவையும் கண்ட கணத்திலேயே மையால் எழுதச் செய்க. திருத்தினால் ஒற்றைக்கோடு இட்டு அடிக்கட்டும், அழிக்க வேண்டா. கலப்பு உருகுநிலைச் சோதனையைக் கட்டாயமாக்குக. யூரியாவும் 133-இல் உருகும், சின்னமிக் அமிலமும் 133-இல் உருகும். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று. இரண்டையும் கலந்து உருக்கினாலோ 133-க்கு வெகு கீழேயே இளகி, குட்டு வெளிப்படும். ஒன்றே போல் தோன்றுவது ஒன்றே ஆகாது என்ற பாடத்தை இதைவிட எளிதாய்ப் புகட்ட முடியாது. இறுதியாக, பதிவேட்டில் ஆறாவதாய் ஒரு தலைப்பு வேண்டும்: ‘ஏட்டினின்று ஏன் வேறுபட்டது?’ அதற்கு மதிப்பெண்ணும் வேண்டும். 122 என்று எழுதியவனுக்குக் கிடைப்பதைவிட, 117 முதல் 120 என்று எழுதி, உலர்த்தி மறுபடி பார்த்தவனுக்கு அதிகம் கிடைக்க வேண்டும். இன்று தானே அளந்து தானே எண்ணைக் காட்டும் மின்கருவிகள் வந்துவிட்டன என்பார்கள். வரட்டும். கருவி காட்டிய எண்ணை அழிக்கவும் அதே கைதான் இருக்கிறது.

கடைசியாய் நம்மவர்க்கு ஒரு சொல். கடவுளை மறுத்ததாலேயே பகுத்தறிவு கைவந்துவிட்டது என்று எண்ணாதீர். நான் சொன்னேன் என்பதற்காக ஏற்காதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று தந்தை பெரியார் திரும்பத் திரும்ப வற்புறுத்தியது எதற்காக? தம் சொல்லும் ஏட்டு எண்ணாய் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக! தலைவர் சொன்னார், தாளில் வந்தது, மேடையில் கேட்டோம் என்று எழுதிக்கொண்டே போனால், நம் பதிவேடும் நாற்பது பேர் எழுதிய ஒற்றை 122 ஆகிவிடும். பகுத்தறிவு என்பது வாயின் வீரம் அன்று, கையின் பழக்கம். விரும்பாத எண் வந்தபோதும் விரல் நடுங்காமல் எழுதுவது. பிறகு, ஏன் வந்தது என்று தேடுவது.

ஆய்வுக்கூடத்து இளைஞனே! உன் கையில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் குழாய். அதனுள் ஒரு சிட்டிகைப் பொடி. உன் எதிரே ஏடு மூடியே கிடக்கட்டும். முதல் துளி மின்னும்போது கண்ணிமையாமல் பார். கண்டதை எழுது. பிறகு ஏட்டைத் திற!